பியோ கேப்டனின் வலது கை

"சரி, பன்றி சிரிச்சுதா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"சிரிச்சுது கேப்டன்."

"எப்படி? பல்லு தெரியவா, சும்மா உதட்டோரமாவா?"

"வெந்த பன்றி எப்படிச் சிரிக்குமோ அப்படி. நானேதான் சந்தைக்குப் போய் நல்லா சிரிச்ச தலையாப் பாத்து எடுத்துட்டு வந்தேன்."

"அப்புறம் ஏன் இந்த மெஷினுக்கு என்னை மட்டும் பிடிக்கல?"

ஹெலிகாப்டரின் மூக்குப் பக்கத்துப் பலகையைத் திறந்து வைத்திருந்த ஹேரிம் அக்கா, தலையை மறுபடி வயர்களுக்குள் நுழைத்துக்கொண்டாள். பியோ கேப்டன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த மெஷினைச் சுற்றி வந்தார், முகம் கொடுக்காத சம்பந்தி வீட்டு வாசலில் நடப்பவரைப் போல. நான் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பூட்ஸைக் கவிழ்த்தேன். அதிலிருந்து கடல் கொட்டியது.

நாங்கள் கிழக்குக் கடலோரத்தில் ஒரு மீட்பு ஹெலிகாப்டர் குழு. பியோ கேப்டன் வலது இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுவார். இடது இருக்கையில் நாம்குங், துணை விமானி, கேட்டால் மட்டும் பேசுகிறவன். ஹேரிம் அக்கா தரையில் மெக்கானிக். வானத்தில் கதவோரம் மண்டியிட்டு, கீழே எட்டிப் பார்த்தபடி வின்ச்சை இயக்குவாள். அந்த வின்ச் இறக்கும் கம்பியின் நுனியில் தொங்குவது நான், கியூசிக். மேலே இருக்கும் மூன்று பேருக்குள் எது சரியில்லாமல் போனாலும் முங்குவது நான்தான்.

இலையுதிர் காலத்தில் எங்களுக்குப் புது ஹெலிகாப்டர் வந்தது. பழையதை நடுவானில் அசையாமல் நிறுத்த வேண்டுமென்றால் கையால்தான் நிறுத்த வேண்டும். அதில் கேப்டனை அடிக்க ஆள் கிடையாது. அவர் நிறுத்தினால் நிறுத்தியதுதான். நான் தொங்கிக்கொண்டே கொட்டாவி விட்டிருக்கிறேன். புதியது அப்படியல்ல. ஒரு பொத்தானை அழுத்தினால், காற்று எப்படி அடித்தாலும் கடலுக்கு மேல் தானாகவே ஒரே இடத்தில் நிற்கும். நாம்குங் ஓட்டும்போது நின்றது. கேப்டன் ஓட்டும்போது கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு பஸ்ஸில் தூங்கி விழுகிறவனைப் போல ஒரு பக்கமாகச் சரியும். சட்டென்று விழித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் துள்ளும். கீழே நான், வெந்நீரில் முக்கி எடுக்கிற பார்லி டீப் பையாக இருந்தேன்.

வியாழக்கிழமை தலைமையகத்திலிருந்து பரீட்சை அதிகாரி வருகிறார். ஓடும் படகின் மேல் என்னை இறக்கிக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் கேப்டனுக்கு இந்த மெஷினில் இருக்கை இல்லை. செஜோங்கில் தலைமையக அலுவலகத்தில் ஒரு நாற்காலி. கடலுக்கு வெகு தூரத்தில் இருக்கும் ஊர். கேப்டன் ஏற்கெனவே யாரிடமோ போனில் விசாரித்துவிட்டார். ஜன்னல் இருக்கிறதாம், ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டடம் இருக்கிறதாம். அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று மதியம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய் ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று கடலைப் பார்த்தார். அவர் சோற்றை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

மெஷின் முகம் திருப்பிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. குறைந்தபட்சம் கேப்டன் அப்படி நம்பினார். புது ஹெலிகாப்டர் வந்த அன்று வழக்கம்போல அதன் முன்னால் மேசை போட்டுப் படையல் வைத்தோம். சிரித்த முகம் ராசி என்று பார்த்து எடுத்த பன்றித் தலை, சிவப்புப் பயறு அடுக்கிய அரிசிக் கேக், அரிசிக் கள். எல்லோரும் வரிசையாக விழுந்து கும்பிட்டு, பன்றியின் வாயில் நோட்டைச் செருகி, சக்கரத்துக்கு ஒரு கிண்ணம் கள் ஊற்றினோம். வெள்ளை நூல் சுற்றிய கருவாட்டைத் திருஷ்டிக்காக, ஹெலிகாப்டர் நிற்கும் ஹேங்கரின் வாசலுக்கு மேல் கட்டினோம். கேப்டன் மட்டும் இல்லை. அவருடைய சொந்த அக்கா மகள் கல்யாணம், பூசானுக்குப் போயிருந்தார். போகும்போது நாம்குங்கிடம், என் பேரில் ஒரு கும்பிடு சேர்த்துப் போட்டுவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். நாம்குங்கும் போட்டான்.

"ரெண்டு கும்பிடும் அவன் கணக்குல ஏறிடுச்சு" என்பதுதான் இப்போது கேப்டனின் கட்சி. "அதான் அவன் தொட்டா பசு மாதிரி நிக்குது."

ஹேரிம் அக்காவுக்கு இந்தப் பேச்சு கேட்டாலே எரிச்சல் வரும். அவள் சென்சார்களைக் கழற்றிப் பார்த்தாள், வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், கணினியைச் செருகிக் கேட்டாள். எனக்கு ஒரு குறையும் இல்லை என்றது கணினி. எல்லாம் சரியாக இருப்பதுதான் அவளுக்குப் பெரிய அவமானம். உடைந்த சாமான் ஒன்று கையில் கிடைத்தால் அவள் முகம் மலர்ந்திருக்கும்.

கடைசியில் கேப்டன் தாமே இரண்டாவது படையலுக்கு ஏற்பாடு செய்தார். சந்தையில் பன்றித் தலை தீர்ந்துவிட்டது. அரிசிக் கேக் கடைக்கு விடுமுறை. முக்குக்கடை அரிசிக் கள்ளும் ஒரு பொட்டலம் சாக்லேட் கேக்கும் வைத்து, அவர் நெற்றி சிமெண்ட் தரையில் படும்படி விழுந்து கும்பிட்டார். ஹேரிம் அக்கா தூரத்தில் நின்று ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாம்குங் மட்டும் மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டான். மறுநாள் காலைப் பயிற்சியில் நான் இடுப்பு வரை நனைந்து, பிறகு கழுத்து வரை நனைந்து, அதன்பின் ஒரு கடற்பாசியைத் தலையில் சுமந்துகொண்டு மேலே வந்தேன்.

மதியம் கருவாட்டு சூப் சாப்பிடும்போது என் உதடு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கடுப்பில்தான் சொன்னேன்.

"தரையில கும்பிட்டா அது எப்படி கேப்டன் பாக்கும்? தரையில அது தூங்குது. மேல போனதுக்கு அப்புறம்தானே கோவப்படுது. மேல வச்சுக் கும்பிடுங்க."

நாம்குங் சூப்பைத் துப்பிவிட்டான். ஹேரிம் அக்காகூடச் சிரித்தாள். கேப்டன் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இது ஏன் எனக்குத் தோணாமல் போச்சு என்கிற முகத்தோடு என்னைப் பார்த்தார்.

அன்று பிற்பகல் கடல் கனமாக இருந்தது. நுரை இல்லாமல், மெதுவாக ஏறி இறங்கும் கடல். நான் கம்பியின் நுனியில், என் பூட்ஸ் முனை அலையின் தலையைத் தொடும் உயரத்தில் தொங்கினேன். என் தலைக்கவசத்துக்குள் மேலே பேசுவது எல்லாம் கேட்கும். கேப்டன் நாம்குங்கிடம், கையை ஓட்டும் ஸ்டிக்குக்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொள், ஆனால் தொடாதே என்று சொல்வது கேட்டது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம். என்னவென்று பிறகுதான் தெரிந்தது. அவர் ஸ்டிக்கை விட்டுவிட்டு, கையுறை போட்ட இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துத் தேய்த்து மெஷினிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார், மைக்குக்கு வெகு பக்கத்தில்.

ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தியது போல இருந்தது. கம்பி நேராயிற்று. அலை ஏறி வந்து என் பூட்ஸ் முனையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு இறங்கியது. அடுத்த அலையும் அதே இடத்தில் கொடுத்தது. மேலே ஹெலிகாப்டரின் மஞ்சள் வயிறு, யாரோ வானத்தில் ஆணியடித்து மாட்டியது போல நின்றது. வாழ்நாள் முழுக்க அங்கேயே தொங்கலாம், சாப்பாடு மட்டும் கயிற்றில் இறக்கினால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

"மன்னிச்சிருச்சு" என்றார் கேப்டன்.

மன்னித்த சந்தோஷத்தில் கையைப் பழைய இடத்தில் வைத்தார். மெஷின் சரிந்தது. நான் முங்கினேன். மறுபடி கரகர. மறுபடி ஆணி. கை வைத்தார், சரிந்தது. மூன்றாவது தடவை கரகரவென்று கேட்டபோது நான் மேலே பார்த்தேன். கதவோரம் ஹேரிம் அக்கா வழக்கமாக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், அதுதான் அவள் வேலை. அப்போது அவள் தலை உள்ளே திரும்பியிருந்தது. கேப்டனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கியபின் அவள் உடனே சொல்லவில்லை. அவ்வளவு மூத்தவரிடம், ஆட்டம் மெஷினில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? முதலில் காபி போட்டுக் கொடுத்தாள். பழைய ஹெலிகாப்டரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தாள். அதில் டிரிம் என்று ஒரு ஏற்பாடு இருந்ததே, ஸ்டிக்கை வைத்த இடத்தில் பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங், அதை நீங்கள் எப்படி வைத்திருந்தீர்கள் என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள். அணைத்துத்தான் வைத்திருந்தேன், கையைப் பிடித்து இழுக்கிற ஸ்பிரிங்கோடு யார் ஓட்டுவார்கள் என்றார் கேப்டன் பெருமையாக. அவர் காலத்துக்காரர்கள் எல்லோருமே அப்படித்தானாம். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே அவரை ஹெலிகாப்டருக்குள் கூட்டிப்போய், மின்சாரத்தையும் எண்ணெய் அழுத்தத்தையும் கொடுத்து, ஸ்டிக்கை எப்போதும் பிடிப்பது போலப் பிடிக்கச் சொன்னாள்.

"பிடிக்கல. சும்மா வச்சிருக்கேன். தூங்குற குழந்தை மேல கை வைக்கிற மாதிரி."

"சரி, சும்மா வச்சிருங்க கேப்டன். அந்தக் குழந்தை தூங்கல. அதான் பிரச்சனை."

நானும் நாம்குங்கும் கதவில் தொற்றிக்கொண்டு கேட்டோம். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இந்த மெஷினுக்கு இரண்டு விதமான கைகள் இருக்கின்றன. ஒன்று, குட்டிக் கைகள். மகா சுறுசுறுப்பு. காற்று தட்டியதும் நமக்குத் தெரிவதற்குள் திருத்திவிடும். அவை வேலை செய்வது ஸ்டிக்கில்கூடத் தெரியாது. ஆனால் எட்டும் தூரம் கொஞ்சம்தான். இன்னொன்று, ஒரு சோம்பேறிக் கை, டிரிம் மோட்டார். மெதுவாக நகரும், ஆனால் ஸ்டிக்கையே நகர்த்தும். குட்டிக் கைகள் ஒரு பக்கமாக எட்டி எட்டித் திணறுகின்றன என்று தெரிந்தால், சோம்பேறிக் கை ஸ்டிக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிவைக்கும். குட்டிகள் மறுபடி நடுவில் வந்து நிம்மதியாக வேலை பார்க்கும். இரண்டும் சேர்ந்துதான் நிற்பது.

கேப்டன் ஸ்டிக்கின் மேல் கை வைத்தவுடன் அந்த மோட்டார் என்ன நினைக்கிறது என்றால், ஓ, ஐயாவே பார்த்துக்கொள்கிறார் போல என்று மரியாதையாக ஒதுங்கிவிடுகிறது. குட்டிக் கைகள் மட்டும் எட்டுகிற வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டுக் கைவிடுகின்றன. மெஷின் சரிகிறது. சரிவதைப் பார்த்து கேப்டன் ஸ்டிக்கை இழுத்துப் பிடிக்கிறார். அது நின்றதும் கையைத் தளர்த்துகிறார். தளர்ந்ததும் மோட்டார், சரி, நம் முறை வந்துவிட்டது என்று பழைய ஞாபகத்தில் இருந்த இடத்துக்கு இழுக்கிறது. துள்ளல்.

"ரெண்டு பேருமே ரொம்ப மரியாதைக்காரங்க கேப்டன்" என்றாள் அக்கா. "வாசல்ல நின்னு, நீங்க முன்னாடி போங்க, இல்ல நீங்க போங்கன்னு மாத்தி மாத்திச் சொல்லிட்டு, ரெண்டு பேரும் ஒண்ணா நுழைஞ்சு முட்டிக்கிறீங்க."

கேப்டன் தம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில் கொடுத்த சில்லறை செல்லாது என்று யாரோ சொன்னது போல.

"அப்போ நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக்கூடாது."

"ஒண்ணும் செய்யாம இருக்கத்தானே செஜோங்குக்கு அனுப்புறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா அவசரமாக மீதியைச் சொன்னாள். இடம் மாற வேண்டும் என்றால் ஸ்டிக்கில் இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நகர்த்தி, பிறகு விட்டுவிட வேண்டும். அப்போது மெஷின், இனி இதுதான் என் இடம் என்று புதிதாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். சொல்லாமல் தள்ளினால் அதற்குப் புரியாது. சொல்லிவிட்டு விட்டுவிட வேண்டும். விடுவதுதான் வேலையே.

இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் அவள் இன்னொரு காபி போட்டாள்.

படகுக்கு நேர் மேலே போனதும் கேப்டனின் கண்ணுக்குப் படகு தெரியாது, வயிற்றுக்கு அடியில் மறைந்துவிடும். அதுவரை எங்கள் வழக்கம், அக்கா கதவிலிருந்து பார்த்து, முன்னால் கொஞ்சம், வலது கொஞ்சம், நில்லு என்று சொல்லச் சொல்ல அவர் நகர்த்துவது. இந்தப் புது மெஷினில் கதவோரமாக, அக்கா நிற்கும் இடத்தில், கட்டைவிரல் உயரமுள்ள ஒரு குட்டி ஸ்டிக் இருக்கிறது. கேப்டன் தம் முன்னால் இருக்கும் ஒரு சுவிட்சைப் போட்டு அனுமதி கொடுத்தால், அக்காவே ஹெலிகாப்டரை ஆள் நடக்கும் வேகத்தில் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தலாம். ஆனால் கேப்டனின் கை ஸ்டிக்கில் இருக்கக்கூடாது. அந்த சுவிட்சை அவர் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. அதன் மேல் தம் இஞ்சி மிட்டாய்ப் பொட்டலத்தை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார்.

"கதவுல நின்னு ஓட்டுறதுக்கு இது என்ன பஸ்ஸா?" என்றார். "டிக்கெட்டும் நீயே கிழிச்சுக் குடுப்பியா?"

மிட்டாய் அங்கேயே இருந்தது.

புதன்கிழமை கேப்டன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தும் பொத்தானை அழுத்தியதும் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வது. வேலை செய்தது. ஆனால் அந்தக் கை திருட்டுப் பூனை. அவருக்கே தெரியாமல் மெதுவாக வெளியே வந்து ஸ்டிக்கைத் தேடிப் போகும். அப்போதெல்லாம் நாம்குங் "கை" என்பான். அன்று முழுவதும் அவன் பேசிய ஒரே வார்த்தை அதுதான். கேப்டன் கையை உள்ளே இழுத்துக்கொள்வார். நான் அன்று நனையவே இல்லை. குட்டி ஸ்டிக்கையும் பார்த்துவிடலாம் என்று அக்கா வாயெடுத்தபோது மூடுபனி வந்துவிட்டது, திரும்பிவிட்டோம். மூடுபனியைப் பார்த்து கேப்டன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை பரீட்சை அதிகாரி வந்தார். சொனு என்று பெயர், ஐம்பது வயதிருக்கும் அம்மாள். பேசுவதற்கு முன்பும் பேசிய பிறகும் பேனா மூடியைக் கடிப்பார். ஹேரிம் அக்காவுக்குப் பின்னால் பட்டை கட்டி உட்கார்ந்தார். படகு, துறைமுகத்தில் கணவாய் பிடிக்கிறவர் ஒருவருடையது. இரு பக்கமும் கணவாயை வரவழைக்கக் கயிற்றில் கோத்த பெரிய பெரிய கண்ணாடி விளக்குகள். விளக்கை உடைத்தால் எங்கள் தலையை உடைப்பேன் என்று அவர் காலையிலேயே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார்.

காற்று எழும்பியிருந்தது. நான் கதவிலிருந்து காலை எடுத்து வெளியே தொங்கினேன். கம்பி இறங்கியது. கேப்டன் பொத்தானை அழுத்தினார், கையின் மேல் உட்கார்ந்தார். மஞ்சள் வயிறு ஆணியடித்தது போல நின்றது. அந்த நிலையை இவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. பேனா மூடி பல்லில் படும் சத்தம்கூட எனக்குக் கேட்டது போல இருந்தது.

பிறகு கீழே பார்த்தேன். எனக்கு அடியில் படகு இல்லை.

மெஷின் நின்ற இடத்தில்தான் நின்றது. அதைக் குறை சொல்ல முடியாது. படகுதான் அலையோடு நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. "வலது கொஞ்சம்" என்றாள் அக்கா. தொடைக்கு அடியிலிருந்து கை வந்தது. கட்டைவிரல் பொத்தானைத் தேடியிருக்க வேண்டும், தேடவில்லை. இத்தனை வருஷத்துப் பழக்கம் முந்திக்கொண்டது. சொல்லாமல் தள்ளினார். மோட்டார் மரியாதையாக ஒதுங்கியது. நான் பக்கவாட்டில் ஒரே வீச்சாக வீசப்பட்டு, படகின் கம்பத்துக்கும் கொடிக்கும் நடுவில் பறந்து, முதல் விளக்கை என் முழங்கால் தொடுவதற்கு ஒரு சாண் இருக்கையில் திரும்பினேன். படகுக்காரர் நீளமான கொக்கிக் கழியைத் தூக்கி என்னை நோக்கிப் பிடித்தார், காப்பாற்றவா குத்தவா என்று தெரியவில்லை. "கை" என்றான் நாம்குங். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "கை."

இரண்டாவது வீச்சில் நான் மெஷினுக்கு முன்பக்கமாகப் போனேன். அங்கிருந்து அண்ணாந்தால் விமானியின் காலடியில் இருக்கும் கண்ணாடி தெரியும். அதற்குள் கேப்டனின் பூட்ஸ். பூட்ஸுக்கு மேலே ஸ்டிக். ஸ்டிக்கின் மேல் அந்தப் பழைய பழுப்புக் கையுறை, தூங்காத குழந்தையின் மேல் வைத்தது போல, லேசாக.

என் தலைக்கவசத்துக்குள் சொனு அம்மாள் ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பிறகு ஹேரிம் அக்காவின் குரல் வந்தது. எப்போதும் முன்னால், வலது, நில்லு என்று கட்டளை போடும் குரல். இப்போது வீட்டில் யாரிடமோ உப்பு கேட்பது போல அவ்வளவு மெதுவாக இருந்தது.

"கேப்டன், மிட்டாயை எடுத்துட்டு அந்த சுவிட்சைப் போடுங்க. கியூசிக்கை நான் கொண்டு போய் இறக்கிடறேன். கையை மட்டும் எடுங்க கேப்டன், கொஞ்ச நேரம் என்கிட்ட குடுங்க."

டேப் கிழியும் சத்தம் கேட்டது, கண்ணாடிக்குள் அந்தப் பழுப்புக் கையுறை ஸ்டிக்கை விட்டு எழுந்தது.